சுகாசினியின் ஒப்புதல்

2019 ஆகஸ்ட் 19 – அட்டவணைத் தாள் நகல் எடுக்க ரூ. 640
2020 பிப்ரவரி 3 – முதல் ஆய்விதழ். கட்டணம் இல்லை
2020 செப்டம்பர் 21 – இரண்டாம் ஆய்விதழ். ரூ. 3,675
2021 மே 14 – செலவு இல்லை
2022 மார்ச் 7 – ஆங்கிலம் திருத்த ரூ. 6,500
2022 ஜூன் 13 – மூன்றாம் ஆய்விதழ். ரூ. 3,905
2023 நவம்பர் 20 – நான்காம் ஆய்விதழ். ரூ. 6,250

கட்டுரை ஒன்றுதான். எழுதியவர்கள் இரண்டு பேர். செலவு இல்லை என்று குறித்திருக்கும் நாளில் அந்த இருவரில் ஒருத்தி இறந்துபோனாள். அவள் பெயர் சுகாசினி. மிச்சம் இருந்தவள் சித்தாரா.

நான்காம் ஆய்விதழுக்கு அனுப்பிய மூன்றாம் நாள், புதன்கிழமை. ஏனாத்தூர் தாண்டி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் வணிகவியல் துறை அறையில் சித்தாரா டிபன் டப்பாவைத் திறந்தாள். கைப்பேசியில் மின்னஞ்சல் வந்து நின்றது. ஆய்விதழிலிருந்து. இரண்டு வரிதான். 'உங்கள் இணையாசிரியர் முனைவர் சுகாசினி, தாம் இக்கட்டுரையின் ஆசிரியர் அல்லர் என்று எங்களுக்குத் தெரிவித்துள்ளார். முப்பது நாட்களுக்குள் இது சரிசெய்யப்படாவிட்டால் கட்டுரை விலக்கிக்கொள்ளப்படும்.'

சித்தாரா டப்பாவை மூடினாள். மறுபடி படித்தாள். தெரிவித்த நேரமும் கீழே இருந்தது. அன்று காலை ஒன்பது பத்து.

இந்த ஆய்விதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை ஒருவர்தான் இணையதளத்தில் ஏற்றுவார். ஏற்றிய உடனே, அதில் பெயர் உள்ள மற்றவர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் போகும். இது நீங்களும் எழுதியதுதானா என்று கேட்கும். ஆம் என்றோ இல்லை என்றோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆய்விதழுக்கு அனுப்பியபோதும் சுகாசினியின் முகவரிக்கு அப்படிக் கடிதம் போனது. 'அனைத்து ஆசிரியர்களும் ஒப்புதல் அளித்துவிட்டனர்' என்று மறுநாளே பதில் வந்தது. ஏதோ இயந்திரம் தானாகச் செய்துகொள்கிறது என்று நினைத்து சித்தாரா அதை அப்படியே விட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து அங்கிருந்தும் கட்டுரை வேண்டாம் என்று திரும்பி வந்தது.

இப்போது இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை சுகாசினிக்கு இருந்தது என்பதுதான் சித்தாராவை உலுக்கியது.

சித்தாராவின் அப்பா ஃபக்ருதீன் பட்டுக்கடைகளுக்குச் சேலை வைக்கும் அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர். அந்தக் குடும்பத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். கணவன் மொஹசின் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டு பிள்ளைகள். பதினோரு வருடமாக உதவிப் பேராசிரியை. இணைப் பேராசிரியை ஆவதற்கு, முதல் பெயராகத் தன் பெயர் வரும் கட்டுரை இன்னும் ஒன்று வேண்டும். அடுத்த ஜூனில் பட்டியல் போடுவார்கள்.

சுகாசினி அதே துறையில் பக்கத்து நாற்காலி. கல்யாணம் ஆகாதவள். பிள்ளையார்பாளையத்தில் அம்மா வடிவாம்பாளோடு இருந்தாள். அவள் அப்பா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் ஆயுள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டியவர். கட்டுரைக்கான எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

"எங்கப்பா சொல்லுவாரு சித்து, பத்துச் சேலை பிரிக்கிற வரைக்கும் அவங்க ராஜா, நாம வேலைக்காரன். அதுக்கு மேல பிரிச்சா அவங்க நமக்குக் கடன்காரங்கன்னு. எழுந்து போவ மாட்டாங்களாம். வெட்கப்படுவாங்களாம். இதை அளந்து பாக்கலாமா?"

அளந்தார்கள். அத்திவரதர் கூட்டம் வடிந்து, ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிய வாரத்தில் அதே கடையில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை சேலை விரித்தார்கள், எத்தனை எடுத்தார்கள், வெறுங்கையோடு எழுந்தவர்கள் யார். சுகாசினி உதடு அசையாமல் எண்ணுவாள். சித்தாரா கட்டம் போட்ட தாளில் குறிப்பாள். பிறகு புள்ளியியலும் ஆங்கிலமும் சித்தாராவின் வேலை ஆயின. முதல் இரண்டு ஆய்விதழ்களுக்குப் போனபோது முதல் பெயர் சுகாசினி, இரண்டாவது சித்தாரா. அதில் யாருக்கும் பேச்சில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் சுகாசினி போனாள். ஒரு வருடம் கழித்து, மூன்றாம் ஆய்விதழுக்குக் கட்டுரையை ஏற்றும்போது சித்தாரா பெயர்களை இடம் மாற்றினாள். தளத்தில் அது சின்ன வேலை. பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அமுக்கினால் ஒரு படி மேலே போகும். தான்தான் இனி எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், சுகாசினிக்கு இனி பதவி உயர்வு எதற்கு, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு பிள்ளையார்பாளையம் போவதையும் நிறுத்திக்கொண்டாள்.

துறைத் தலைவர் குரு, கடிதத்தைத் தம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யாராச்சும் அக்கவுன்ட்டை ஹேக் பண்ணியிருப்பாங்கமா."

"ஹேக் பண்றவனுக்கு இந்தக் கட்டுரை எதுக்கு சார்?"

"அதுவும் சரிதான். நம்ம பேப்பரை நாமளே ரெண்டாவது வாட்டி படிக்க மாட்டோம்." அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நான் சொல்றதைக் கேளு. அவங்களே இல்லன்னு சொல்லிட்டாங்க. பேரை எடுத்துடு. சோல் ஆத்தர் ஆயிடுவே. ஜூன் லிஸ்ட்ல கண்ணை மூடிக்கினு உன் பேரு வந்துடும்."

"செத்துப்போனவங்க எப்படி சார் இல்லன்னு சொல்லுவாங்க?"

குரு மின்விசிறியைப் பார்த்தார். "மந்திரிக்கிறவங்க யாராச்சும் உங்க பக்கம் இருப்பாங்களே," என்றார் கடைசியில். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

தளம் ஒரு வசதி செய்து கொடுத்திருந்தது. இணையாசிரியர் மறுத்தால், அவர் பெயரை நீக்கிய புதுப் பிரதியை ஏற்றலாம். மறுநாள் பகலில், வகுப்பில்லாத நேரத்தில், சித்தாரா கணினியில் அந்தப் பிரதியைத் திறந்தாள். இருவரும் சேர்ந்து இணையத்தில் எழுதிய கோப்பு அது. ஓரத்தில் சுகாசினி எழுதி வைத்த குறிப்புகள் அப்படியே இருந்தன. கடைசிக் குறிப்பு 2021 ஏப்ரல் மாதத்தது. 'சித்து, போறவங்கள்ல சில பேரு சேலையை மடிச்சு வெச்சுட்டுப் போறாங்க. அதை எண்ணாம விட்டுட்டோம். பேசணும்.'

அதற்குச் சித்தாரா அதுவரை பதில் எழுதியதே இல்லை. இப்போது ஏன் எழுதினோம் என்று பிறகும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குறிப்பின் கீழே தட்டினாள். 'யாரோடு பேசுவது சுகா?'

பிறகு முதல் பக்கத்துக்குப் போய்ப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீக்கவும் இல்லை, மூடவும் இல்லை. வெளியே மாணவர்கள் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போது திரையின் மேல் மூலையில், அவளுடைய படத்துக்குப் பக்கத்தில், ஊதா நிறத்தில் இன்னொரு வட்டம் வந்தது. உள்ளே ஆங்கில எஸ் எழுத்து. அவள் அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனாள். சுகாசினி, என்றது. இந்தக் கோப்பை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மேசைக்கு எதிரே வெயில். பக்கத்து நாற்காலியில் யாரோ வைத்துவிட்டுப் போன விடைத்தாள் கட்டு. சித்தாரா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வட்டம் நகரவில்லை. சற்று நேரத்தில் தானாக மறைந்தது.

அன்று மொஹசினிடம் சொன்னாள். அவன் முழுதும் கேட்டான்.

"ஃபோன் யார்கிட்ட இருக்குது?" என்றான்.

"எந்த ஃபோன்?"

"அவங்க ஃபோன்தான். ஜின்னு வந்து நெட் பேக் போட்டுக்கினு கோப்பைத் திறக்காது. போய்ப் பாரு."

"அவங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

"தெரியாதவங்கதான் எல்லாத்தையும் அமுக்குவாங்க. எங்கம்மா அமுக்கி நமக்கு மூணு வாட்டி லோன் சாங்ஷன் ஆச்சு."

அவள் சிரித்தாள். ஆனாலும் போக நான்கு நாள் ஆனது. சுகாசினியின் ஆவியைவிட வடிவாம்பாளின் முகத்துக்குத்தான் அதிகம் பயந்தாள்.

வடிவாம்பாள் கடைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டிக் கொடுப்பவள். வாசலை ஒட்டிய அறையில் ஒரு சேலையின் நுனியை ஆணியில் மாட்டி, நூலைப் பிரித்துப் பிரித்து முடிந்துகொண்டிருந்தாள். தலைநிமிர்ந்து, "வாம்மா. எளச்சிட்டே," என்றாள். ஒன்றரை வருடமாக ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. டிவி பக்கத்தில், மின்கம்பி மாட்டியபடி, சுகாசினியின் கைப்பேசி இருந்தது. அவள் போட்டிருந்த அதே கிளிப்பச்சை உறை.

"மாசாமாசம் காசு கட்டிக்கினுதான் இருக்கேன்," என்றாள் வடிவாம்பாள், சித்தாராவின் கண் போன இடத்தைப் பார்த்து. "இல்லன்னா நம்பரை வேற யாருக்கோ குடுத்துடுவாங்களாம். அவளுக்கு லெட்டர் வருதில்ல."

"எல்லாத்தையும் திறந்து பாப்பீங்களாம்மா?"

"பேங்கு, கடை, அதெல்லாம் தொடமாட்டேன். அவ பேரு இங்கிலீஷ்ல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சர்ட்டிபிகேட்டுல பாத்திருக்கேனே. அது மேல போட்டு வந்துச்சுன்னா திறப்பேன். டியர் டாக்டர்னு எதிர்வீட்டுப் பொண்ணு அனு படிச்சுக் காட்டுச்சு. பொத்தான் இருந்தா அமுக்குவேன். போன வியாழக்கிழமை வந்ததை அமுக்கினா, நீங்க எழுதின பேப்பரே திறந்துச்சு. பதில் சொல்லலேன்னா மரியாதை இல்லியே."

"போன புதன்கிழமை ஒண்ணு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. முன்ன ஒரு வாட்டி வந்ததுல ஒரே பொத்தான். இந்த வாட்டி ரெண்டு. ஒண்ணு பச்சை, ஒண்ணு அரக்கு." அவள் கை முடிச்சை நிறுத்தவில்லை. "நல்ல காரியமாச்சேன்னு அரக்கை அமுக்கினேன். முகூர்த்தத்துக்கு யாராச்சும் பச்சையை மொத எடுப்பாங்களா?"

சித்தாரா சுவரில் சாய்ந்தாள். மறுப்பதற்கு உலகம் முழுக்கச் சிவப்பு. பிள்ளையார்பாளையத்தில் அது கூறைச்சேலை நிறம்.

"தப்பா அமுக்கிட்டேனா?" என்றாள் வடிவாம்பாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொத்தானுக்கு என்ன பொருள் என்று சித்தாரா சொன்னாள். வடிவாம்பாள் அப்போதுதான் நூலை விட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அவளே எழுதலேன்னு நான் சொல்லிட்டேனா?"

"தெரியாம நடந்ததும்மா. சரி பண்ணிடலாம்."

வடிவாம்பாள் விட்ட நூலை மறுபடி எடுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு கேட்ட கேள்வி வேறு. "முன்னாடி வந்த லெட்டருல அவ பேரு மொத இருக்கும், உன் பேரு கீழ. நடுவுல மாறிப்போச்சு. அது எதுக்குமா?"

குரலில் குற்றம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். சித்தாரா பதவி, பட்டியல், முதல் பெயருக்கான மதிப்பெண் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவை சிறிதாகிக்கொண்டே போயின.

"அதுக்கென்ன," என்றாள் வடிவாம்பாள். "உனக்குப் புள்ளைங்க இருக்குது. நீயே மொத இரு. அவளே இருந்தாலும் வெச்சுக்கோன்னுதான் சொல்லியிருப்பா. பேரை மட்டும் எடுத்துடாத. எடுத்துட்டா அவளுக்கு லெட்டர் வர்றது நின்னுடும்."

கேட்காமலே கிடைத்த அந்த அனுமதியைச் சித்தாராவால் எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க, பக்கத்தில் யாரோ உதடு அசையாமல் எண்ணிக்கொண்டு வருவது போலிருந்தது.

மறுநாள் ஆய்விதழின் ஆசிரியருக்கு நேரடியாக எழுதினாள். சுகாசினி 2021 மே 14 அன்று இறந்துவிட்டாள். மறுப்பு, அவளுடைய தாய் அறியாமல் அமுக்கியது. இதற்கு முந்தைய ஆய்விதழுக்கு வந்த ஒப்புதலும் அப்படியே. கட்டுரையின் மூல எண்ணம் சுகாசினியுடையது. பெயர் வரிசையை மாற்றியது நான், அது சரியில்லை. முதல் ஆசிரியர் சுகாசினிதான்.

பதில் மரியாதையாக வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இறப்புச் சான்று வேண்டும். சட்டப்படியான வாரிசு ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இறந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவைக் குறி இடப்படும். இனி அவருடைய முகவரிக்கு ஆய்விதழிலிருந்து கடிதம் எதுவும் போகாது. கெடு மாறவில்லை, டிசம்பர் 22.

சித்தாரா படிவத்தை எடுத்துப்போய் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். வடிவாம்பாள் சிலுவையில் நின்றாள்.

"எம் பொண்ணுக்கு எதுக்கு சிலுவை? நாம என்ன சர்ச்சுக்கா போறோம்?"

"அவங்க ஊர்ல இறந்தவங்களுக்கு அப்படித்தான் போடுவாங்களாம்மா. நாம அமரர்னு போடுற மாதிரி."

"போஸ்டர்லதான் அமரர்னு போடுவோம். லெட்டர்ல போடமாட்டோம்." படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல கையெழுத்துப் போட்டா அவளுக்கு இனிமே வராதா?"

"வராதும்மா."

"நாளைக்கு வா."

மறுநாள் போனாள். "வெள்ளிக்கிழமை ஆவட்டும்." வெள்ளிக்கிழமை, "வேலை இருக்குது, பொறவு பாக்கலாம்." மூன்று முறை போனபின் சித்தாரா போகவில்லை. அந்தத் தாயிடம் கையெழுத்துக் கேட்பது, இரண்டாம் முறை சுடுகாட்டுக்கு வரச் சொல்வது போலிருந்தது. குருவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப பேப்பரும் போச்சு, ப்ரமோஷனும் போச்சு. இதுக்கு அந்த அம்மா அமுக்கினதையே வெச்சுக்கினு இருந்திருக்கலாம். நல்ல கலரைத்தான்மா அமுக்கியிருக்காங்க."

"ஆமா சார். எனக்கு மட்டும் நல்ல கலரு."

டிசம்பர் 22 வெள்ளிக்கிழமை. மூன்றாம் பாடவேளை முடிந்து சித்தாரா வெளியே வந்தபோது, துறை வாசலில் வடிவாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்து, வாயிற்காவலரிடம் சுகாசினி டீச்சரோட அம்மா என்று சொல்லி உள்ளே வந்திருக்கிறாள். மஞ்சள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது. வ-வுக்கும் டி-க்கும் நடுவே மை கொஞ்சம் ஊறியிருந்தது.

"அவ எழுதலேன்னு நான் சொன்னது அங்க அப்படியே கெடக்குது," என்றாள். "அது மொத போவட்டும். சிலுவை இருந்தா இருந்துட்டுப் போவுது." பிறகு அறையை எட்டிப் பார்த்தாள். "அவ எந்த நாற்காலி?"

சித்தாரா காட்டினாள். வடிவாம்பாள் அதில் உட்காரவில்லை. முதுகுப் பலகையை மட்டும் தொட்டுவிட்டு, வந்த ஆட்டோவையே பிடிக்க வேண்டும் என்று கிளம்பிப்போனாள்.

அன்று மாலை படிவமும் இறப்புச் சான்றும் ஏறின. பெயர் வரிசை மாறியது.

2024 மே மாதம் மதிப்பாய்வாளர்களின் கருத்து வந்தது. எங்கோ ஒரு நாட்டில் பெயர் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: வாங்காமல் எழுந்தவர்களில் சேலையை மடித்துக் கொடுத்தவர்கள் உண்டா? அவர்களைத் தனியாக எண்ணினீர்களா? சித்தாரா கோப்பைத் திறந்து சுகாசினியின் கடைசிக் குறிப்பைப் பார்த்தாள். ஓரத்தில் மூன்று வருடமாகக் காத்திருந்த கேள்வி, வேறொருவர் வாயால் வந்திருந்தது.

ஜூன் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆவணியில் மறுபடி அதே கடைக்குப் போய் அதே மூலையில் உட்கார்ந்தாள். முதல் நாள், விற்பனையாளர் பாலாஜி பேச்சு மும்முரத்தில் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டார். வைத்த பிறகு அவருக்கு உறைத்தது. ஒன்றை எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் அண்ணா," என்றாள் சித்தாரா. இரண்டையும் குடித்தாள். அதன் பிறகு அவர் தினமும் இரண்டுதான் கொண்டுவந்தார்.

எண்ணியபோது சுகாசினி சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தது. வெறுங்கையோடு எழுந்த பெண்களில் பெரும்பாலோர், எழுவதற்கு முன் ஒரு சேலையாவது தாமே மடித்து வைத்தார்கள். விரித்த உழைப்புக்குத் தம் கையால் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைநிமிர்ந்து படியிறங்கினார்கள். மடிக்காதவர்கள் வேண்டாத சேலையைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டுரைக்குப் புது முதுகெலும்பு வந்தது. அந்தப் பகுதியை எழுதும்போது சித்தாரா திரையை அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள். மேல் மூலையில் அவளுடைய வட்டம் மட்டுமே இருந்தது.

திருத்திய கட்டுரை நவம்பரில் போனது. வடிவாம்பாள் மாதக் கட்டணத்தை நிறுத்தவில்லை. கைப்பேசி டிவி பக்கத்தில் சத்தமில்லாமல் கிடந்தது.

பிறகு ஒரு காலை, கல்லூரிப் பேருந்தில் சித்தாராவுக்கு அழைப்பு வந்தது. திரையில் சுகாசினி என்று எழுதியிருந்தது. எடுத்தாள். வடிவாம்பாளின் குரல். "அவளுக்கு லெட்டர் வந்துக்குதுமா."

பாதி வழியில் இறங்கி, எதிர்ப் பேருந்து பிடித்துப் போனாள். 'அன்புள்ள முனைவர் சுகாசினி, உங்கள் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' முதல் பெயர் அவளுடையது. பக்கத்தில் சிலுவை இல்லை. சித்தாரா தமிழில் சொன்னாள். வடிவாம்பாள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

"அவ போனது அவங்களுக்குத் தெரியுமில்ல? நான் கையெழுத்துப் போட்டேனே."

"அவங்களுக்குத் தெரியும்மா. மெஷினுக்குச் சொல்ல மறந்துட்டாங்க."

"அப்ப இன்னும் வருமா?"

ஏற்றுக்கொண்ட பிறகு எல்லா எழுத்தும் தன்னோடுதான் நடக்கும் என்று சித்தாராவுக்குத் தெரியும். அச்சில் சிலுவையும் வந்துவிடும்.

"இதுதான்மா கடைசி."

வடிவாம்பாள் தலையாட்டினாள். கைப்பேசியை வாங்கி, திரை அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மின்கம்பியைக் கழற்றினாள்.

அந்தக் கடிதம் வந்த தேதி 2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை.